இடித்த பிறகு: ரோட்டிலும் ஸ்டேஷனிலும் ஒர்க்‌ஷாப்பிலும்

பல விபத்து வழக்குகளின் தலையெழுத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில், ட்யூட்டி டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தில் எழுதும் ஒரே வரியில் முடிவாகிவிடுகிறது. ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. 'போலீஸ், கோர்ட்டுன்னு யாரு அலையறது' என்ற நினைப்பில், அடிபட்டவரைக் கூட்டி வந்தவர் "வண்டியிலிருந்து தானா விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுகிறார். டாக்டரும் அப்படியே எழுதிவிடுகிறார். நாலு மாதம் கழித்து, எலும்பு சேராமல் இரண்டாவது ஆபரேஷன் என்று ஆனபின் இழப்பீடு கேட்டுப் போனால், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் நீட்டுவது அந்த ஏ.ஆர். நகலைத்தான். கார் ஓட்டியவர் பக்கமும் இதே கதை உண்டு: லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டியிருப்பான், ஸ்டேஷனில் அண்ணன் பெயர் ஏறும். முதல் நாளில் சொன்ன சின்னப் பொய்யைப் பின்னால் எந்தத் தாளாலும் திருத்த முடிவதில்லை. அதனால் தமிழ்நாட்டுச் சாலையில் வண்டி இடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை, எங்கே எது பதிவாகிறது என்ற கோணத்தில் பார்ப்போம்.

முதலில் இரண்டாவது விபத்தைத் தடுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் முதல் மோதலில் தப்பித்தவர்கள், இறங்கி நின்று பம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்த வண்டியில் அடிபடுவது அடிக்கடி நடக்கிறது. இன்ஜினை அணையுங்கள், நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள், ஹேண்ட்பிரேக் இழுங்கள். முடிந்தவரை இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். 100 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடிவிடும். காருக்கு ஐம்பது மீட்டர் பின்னால் முக்கோண எச்சரிக்கைப் பலகையை வைத்தால் பின்னால் வருபவருக்குக் கிடைப்பது இரண்டு நொடிகூட இல்லை. நான்குவழிச் சாலையில் நூறு மீட்டராவது தள்ளி வையுங்கள். வளைவோ மேம்பால ஏற்றமோ இருந்தால் அதற்கும் முன்னால். பலகையை வைக்கப் போகும்போது அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நடக்க வேண்டும். நம் ஊரில் மரக்கிளையை ஒடித்துப் போட்டுக் கல்லை அடுக்கும் பழக்கம் இருக்கிறது. கிளை பரவாயில்லை. கல் வேண்டாம், வண்டியை எடுத்துப் போன பிறகும் அது அங்கேயே கிடக்கும், ராத்திரி ஒரு பைக்காரர் அதில் ஏறுவார்.

ஏர்பேக் வெடித்திருந்தால் காருக்குள் வெள்ளைத் தூள் பறக்கும், வெடிமருந்து வாசனை வரும். வண்டி தீப்பிடிக்கிறது என்று பதறத் தேவையில்லை. கண்ணைத் தேய்க்காமல் தண்ணீரால் கழுவினால் போதும். ஆனால் பெட்ரோல் வாடையோ, எலெக்ட்ரிக் காரில் தரைப்பக்கமிருந்து புகையோ 'புஸ்' என்ற சத்தமோ வந்தால் யாரும் அருகில் நிற்கக் கூடாது.

அடுத்தது அடிபட்டவர். ஆம்புலன்ஸுக்கு 108, போலீஸ் உட்பட எந்த அவசரத்துக்கும் 112, தேசிய நெடுஞ்சாலையில் 1033. இடத்தைச் சொல்லத் தெரியாமல் திணறுபவர்கள்தான் அதிகம். ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல், டோல்கேட்டைத் தாண்டி வந்த தூரம், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்ற மூன்றையும் சொன்னால் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் போய் யூ-டர்ன் தேடி அலையாது.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்று வையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு விடுகிறவரின் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், கழுத்தெலும்பு விலகியிருக்கலாம். சோடா வாங்கி முகத்தில் அடிப்பது, உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டுவது இரண்டும் நல்ல மனதோடு செய்யப்படும் கெடுதல்கள். அரை மயக்கத்தில் குடிக்கும் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகும். கையையும் காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவுக்குள் மடக்கித் திணிப்பது இதைவிட மோசம். தீ, வெள்ளம், ஓடும் போக்குவரத்து என்ற ஆபத்து இல்லாத வரை ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வரட்டும்.

பணம் யார் கட்டுவது என்ற கேள்வியில் நேரம் போகக் கூடாது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அவரிடம் காசு கேட்கக் கூடாது. 2025-இல் வந்த மத்திய அரசின் திட்டம் ஏழு நாள் வரை, ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை தருகிறது. தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் பயம் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவியவருக்குப் பாதுகாப்பு தருகிறது; பெயரைச் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

உங்களுக்கே அடி இல்லை என்று தோன்றினாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பதற்றத்தில் வலி தெரியாது. வயிற்றின் குறுக்கே சீட் பெல்ட் தடம் கன்றியிருந்தால் குடலோ மண்ணீரலோ உள்ளே கிழிந்திருக்க வாய்ப்புண்டு. வாந்தி, தலைச்சுற்றல், பேச்சுக் குழறல் இருந்தால் தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும். ஏ.ஆரில் என்ன எழுதுகிறார்கள் என்பதை அங்கேயே கேளுங்கள். தேதி, நேரம், இடம், எந்த வகை வண்டி, எப்படி மோதியது: இவ்வளவும் உள்ளபடி இருக்க வேண்டும். வண்டி எண் தெரிந்தால் அதுவும்.

இனி, கார் ஓட்டியவரின் கடமை. 134-ஆவது பிரிவு மூன்று வேலைகளைச் சொல்கிறது: அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஆனதைச் செய்வது, போலீஸ் கேட்டால் விவரம் தருவது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது. அந்த இடத்தில் போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள ஸ்டேஷனில் போய்ச் சொல்ல வேண்டும். செய்யாவிட்டால் 187-இன்படி ஆறு மாதம் வரை சிறை, ரூ.5,000 வரை அபராதம்.

கூட்டம் அடிக்க வந்தால்? சட்டமே இதற்கு இடம் விட்டிருக்கிறது. கும்பலின் ஆத்திரத்தால் நின்று உதவ முடியாத நிலையை 134-ஆவது பிரிவு வெளிப்படையாகவே விலக்காகச் சொல்கிறது. ஆனால் அது ஓடி ஒளிய அனுமதி ஆகாது. கதவைப் பூட்டிக்கொண்டு, 112-ஐ அழைத்து, "இந்த இடத்தில் விபத்து, ஆள் அடிபட்டிருக்கிறார், ஆம்புலன்ஸ் வேண்டும், கூட்டம் அடிக்க வருகிறது, இன்ன ஸ்டேஷனுக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நேராக அங்கே போக வேண்டும். அந்த அழைப்பு நேரத்தோடு பதிவாகும். இடித்துவிட்டு ஓடினார் என்ற குற்றச்சாட்டு வந்தால் உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான். வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றி, வக்கீலுக்கு போன் போட்டு, மறுநாள் சாயங்காலம் போவது வேறு கணக்கு.

பலர் நினைக்கும் அளவுக்கு ஸ்டேஷன் பயங்கரமும் இல்லை. கவனக்குறைவால் மரணம் என்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1), அதிகபட்சம் ஐந்து ஆண்டு. காயம் என்றால் 281, 125. இவை ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள். தகவல் சொல்லாமல் தப்பி ஓடினால் பத்து ஆண்டு என்ற 106(2)-ஐ எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் போராடினார்கள். 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. இருந்தாலும் ஓடினவருக்கும் நின்றவருக்கும் இடையே நீதிபதி வித்தியாசம் பார்க்கத்தான் செய்வார்.

போட்டோ எடுப்பதில் பெரும்பாலானவர்கள் நசுங்கின பம்பரை மட்டும் பத்துக் கோணத்தில் எடுக்கிறார்கள். அதை ஒர்க்‌ஷாப்பிலும் எடுத்துக்கொள்ளலாம். ரோட்டில் மட்டுமே கிடைக்கும் விஷயங்கள் வேறு: இரண்டு வண்டியும் நின்ற நிலை நாலு திசையிலிருந்தும், டயர் தேய்ந்த தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கண்ணாடித் துண்டும் மண்ணும் கொட்டிக் கிடக்கும் இடம், நடுக்கோடு, சிக்னல் அல்லது வேகத்தடை, தெரு விளக்கு எரிந்ததா. வண்டிக்கு அடியிலிருந்து உதிரும் மண், மோதல் நடந்த புள்ளியில்தான் கொத்தாக விழும். யார் யாருடைய பக்கத்துக்கு வந்தார்கள் என்பதை அது காட்டும். அரை மணி நேரத்தில் லாரிகள் ஏறிப் போய் அழித்துவிடும். எதிர் வண்டியின் நம்பர் பிளேட், ஓட்டினவர் முகத்தோடு அந்த வண்டி, சாட்சி சொல்ல முன்வருபவரின் போன் எண். டேஷ்கேம் இருந்தால் உடனே கார்டை உருவி வையுங்கள். அது சுழற்சி முறையில் பழையதை அழித்துப் புதியதைப் பதியும். கார் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் உங்கள் சாட்சி காணாமல் போயிருக்கும். கடைகளின் சிசிடிவியும் சில வாரங்களில் தானே அழியும். விசாரணை அதிகாரியிடம் எந்தக் கடை, எந்தக் கேமரா என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

காயம் எதுவும் இல்லாத சின்ன இடி என்றால் போட்டோ எடுத்ததும் வண்டிகளை ஓரம் கட்டிவிடலாம். நடு ரோட்டில் நின்று யார் மேல் தப்பு என்று பட்டிமன்றம் நடத்துவதால் பின்னால் இருக்கும் ஆம்புலன்ஸுக்குத்தான் கேடு. காயம் இருந்தால், பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலொழிய போலீஸ் வரும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் நாலு சக்கரம் நின்ற இடத்தையும் சாக்பீஸாலோ செங்கல் துண்டாலோ குறித்துவிட்டு நகர்த்துங்கள்.

"பேசி முடிச்சுக்கலாம் சார்" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் வரும். பெயின்ட் உரசல், உடைந்த கண்ணாடி என்றால் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, தொகையை யுபிஐ-யில் அனுப்புங்கள். ஆனால் ஒருவருக்குக் காயம் பட்டிருந்தால் கையில் ஐயாயிரம் கொடுத்து அனுப்புவது இருவருக்கும் ஆபத்து. அவர் பிறகு வழக்குப் போடுவதை அந்தத் தாள் தடுக்காது. உங்கள் பாலிசி நிபந்தனையிலோ, கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று இருக்கிறது. நடந்ததைச் சொல்லுங்கள், யார் குற்றம் என்பதை எழுத்தில் தராதீர்கள்.

ஸ்டேஷனில் இரண்டு தாள்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சி.எஸ்.ஆர். ரசீது என்பது புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டுமே. காயமோ மரணமோ இருந்தால் எஃப்.ஐ.ஆர். வேண்டும், புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். சென்னையில் இந்த வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது, மாவட்டங்களில் பெரும்பாலும் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனே பார்க்கும். பெரிய வண்டி மேல்தான் முதலில் வழக்குப் பதிவாகும் என்பது ஊரறிந்த விஷயம். பதிவானதாலேயே தீர்ப்பாகிவிடாது. இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம், போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரையும், வரையும் ரஃப் ஸ்கெட்சையும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்துதான் யாருக்கு எத்தனை சதவீதத் தவறு என்று பிரிக்கும். ரஃப் ஸ்கெட்ச் போடும்போது நீங்களும் கூட இருந்தால் நல்லது. சாலையின் அகலத்தையோ திசையையோ தவறாக எழுதிவிட்டால் பின்னால் மாற்றுவது பாடு.

வண்டியை ஸ்டேஷனில் நிறுத்தி வைப்பது ஆய்வாளர் வந்து பிரேக், ஸ்டீயரிங் சரியாக இருந்ததா என்று சோதிப்பதற்காக. 136-ஆவது பிரிவுப்படி, நடைமுறை முடிந்தபின் 24 மணி நேரத்தில் திருப்பித் தர வேண்டும். இழுத்தடித்தால் நீதித்துறை நடுவரிடம் மனு போட்டு எடுக்கலாம். அந்தத் தேதியில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மட்டும் லேசில் வெளியே வராது. இழப்பீட்டுக்கு ஈடு கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் வண்டியே ஏலத்துக்குப் போகும்.

2022 ஏப்ரல் 1 முதல் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. ஸ்டேஷன்களில் இதைக் கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையையும், 90 நாளில் முழு விவர அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். ஓட்டுநர் படிவம் 3-ஐயும், உரிமையாளர் படிவம் 4-ஐயும் 30 நாளில் கொடுக்க வேண்டும். அடிபட்டவர் படிவம் 6-ஐ 60 நாளில். இழப்பீட்டு மனுவுக்கு 166(3) ஆறு மாதம் என்று கெடு வைக்கிறது. மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் ஊரிலும் போடலாம். மருத்துவமனை வார்டுக்கே வந்து வெற்று வக்காலத்தில் கையெழுத்து கேட்கும் புரோக்கர்களுக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி உண்டு: மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000 கொடுக்கும் திட்டம். அதற்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

இனி காருக்கு வருவோம். மோதிய காரை 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவது காசைத் தின்னும் வேலை. முன்பக்க இடியில் ரேடியேட்டர் முதலில் கிழியும். பச்சையாகவோ ரோஸாகவோ சொட்டினால் அது கூலன்ட். அடியில் கல் இடித்திருந்தால் ஆயில் சம்ப் உடைந்து கறுப்பாக ஒழுகும். அந்த நிலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினாலே போதும், இன்ஜின் சிக்கிப் பிடித்துவிடும். சம்ப் உடைந்தது விபத்துச் சேதம், கம்பெனி தரும். ஓட்டியதால் இன்ஜின் போனது உங்கள் பொறுப்பு. பழுது பார்க்கும் முன் ஓட்டினால் கூடுதல் சேதம் உரிமையாளர் தலையில் என்று பாலிசியிலேயே இருக்கிறது. மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக், நாலு சக்கர இழுவை வண்டிகளைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, தட்டு வண்டியில்தான் ஏற்ற வேண்டும். சாதாரணப் பாலிசி இழுவைச் செலவுக்குத் தருவது ரூ.1,500 தான். அதனால் வாடகையைப் பேசிவிட்டே கொக்கியை மாட்ட விடுங்கள்.

க்ளெய்ம் போடலாமா வேண்டாமா என்பது வெறும் கணக்கு. மூன்றரை வருடக் காரில் முன்பக்கம் இடித்து, ரூ.8,000-க்கு பம்பர், ரூ.12,000-க்கு பானெட், ரூ.10,000-க்கு பெயின்ட் என்று ரூ.30,000 எஸ்டிமேட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் தேய்மானம் 50 சதவீதம். பம்பரில் 4,000 போச்சு. உலோகத்துக்கு வயதைப் பொறுத்து, இந்தக் காருக்கு 25 சதவீதம், பானெட்டில் 3,000. பெயின்ட் செலவில் கால் பங்கைப் பொருள் விலையாகக் கணக்கிட்டு அதில் பாதி, அதாவது 1,250. க்ளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000. ஆக உங்கள் கையிலிருந்து 9,250 போகும், கம்பெனி 20,750 தரும். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' ஆட்-ஆன் போட்டிருந்தால் 1,000 மட்டுமே கழியும்.

மறுபக்கம் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. சொந்தச் சேத பிரீமியம் ரூ.12,000, போனஸ் 50 சதவீதம் என்றால் இப்போது கட்டுவது 6,000. ஒரு க்ளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கி 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொடும். அந்த ஐந்து புதுப்பித்தலில் கூடுதலாகக் கட்டுவது 6,000, 3,600, 3,000, 1,800, 600, கூட்டினால் 15,000. கார் பழசாகப் பழசாக பிரீமியம் குறையும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கம்மியாக வரும். அப்படியிருந்தும் பத்தாயிர ரூபாய் கீறலுக்கு க்ளெய்ம் போடுவது நஷ்டம்தான். போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

க்ளெய்ம் போடுவது என்று முடிவானால் அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். முதல் எஸ்டிமேட் வெளியே தெரிவதற்கு மட்டும்தான். பம்பரைக் கழற்றியதும் உள்ளே கிராஷ் பீம், கன்டென்சர், ஏப்ரன் வளைந்திருப்பது தெரியும். அப்போது சர்வேயரை மறுபடி வரவழைத்துத் துணை எஸ்டிமேட் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒர்க்‌ஷாப்காரர் 'பிறகு சேர்த்துக்கலாம்' என்று சொல்லிவிட்டு மாட்டிவிட்டால் அந்தப் பணம் வராது. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிட்டு முடித்துவிடுவார்கள்.

ஓட்டியவர் யார் என்ற கேள்விக்கு இங்கே மறுபடி பதில் சொல்ல வேண்டி வரும். க்ளெய்ம் படிவம், எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே நேரம், ஒரே இடம் இருக்க வேண்டும். பெரிய தொகை என்றால் கம்பெனி தனி விசாரணையாளரை அனுப்பும். அவர் டோல்கேட் பதிவையும் ஃபாஸ்டேக் நேரத்தையும் பார்ப்பார். ஓட்டியதாகச் சொன்னவரின் நெஞ்சில் சீட் பெல்ட் தடம் இருந்ததா என்று மருத்துவமனையில் கேட்பார். ஆள் மாறியது தெரிந்தால் க்ளெய்ம் போவதோடு நிற்காது, மோசடி வழக்கும் சேரும். உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த மோசடி வழக்காவது வந்திருக்காது.

டெலிவரி எடுக்கும் நாளில் அவசரப்பட வேண்டாம். ஏர்பேக் விரிந்த வண்டியாக இருந்தால் பேக் மட்டும் மாற்றினால் போதாது. கட்டுப்பாட்டு மாட்யூல், மோதல் சென்சார், வெடித்து இறுகிய சீட் பெல்ட் எல்லாம் பில்லில் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். சில இடங்களில் புது ஏர்பேக் போடாமல் அந்த ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி விளக்கை ஏமாற்றிவிடுகிறார்கள். இக்னிஷன் போட்டதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பையே பிடுங்கியிருக்கிறார்கள். சரியாக அணைந்தாலும் ரெசிஸ்டர் வேலையை அது காட்டிக்கொடுக்காது, அதனால் பழைய பேக்கையும் புதியதன் பெட்டி லேபிளையும் காட்டச் சொல்லுங்கள். வீல் அலைன்மென்ட் அச்சுத் தாளைக் கேட்டு வாங்கி, நேர் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ கதவு இடைவெளி இடத்திலும் வலத்திலும் வேறுபட்டாலோ வண்டியைத் திரும்ப உள்ளே விடுங்கள். திருப்தி என்று கையெழுத்துக் கேட்கும் தாளில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேனா வைக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் மறுநாள் சர்வேயர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.